காவிரிக் கடைமடையும் காலநிலை மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டத்தில் கேட்கத் தயங்குபவர்கள் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் கடைமடை நிலத்தையும், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் நிலத்தையும், நெல்லையும் மனதில் வைத்துச் சொன்னவை. ஆற்றின் தலைப்பில் நிலம் உள்ளவர்களுக்குச் சில பொருந்தாமல் போகலாம்.

காலநிலை மாற்றம்னா என்னங்க? வெயில் கூடிப்போறதுதானே?

வெயில் கூடுவது அதில் ஒரு பகுதிதான். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றில் தங்கி, பூமியின் சூடு வெளியேறாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த இந்த வாயு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. உலக அளவில் வெப்பத்தை அளக்கத் தொடங்கியதிலிருந்து மிகச் சூடான ஆண்டு 2024. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடச் சுமார் ஒன்றரை டிகிரி அதிகம்.

ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சேர்த்துவைத்த ஈரத்தை ஒரே மூச்சில் கொட்டும். அதனால்தான் மழையில்லாத நாட்கள் நீண்டுகொண்டே போய், வரும்போது பேய்மழையாக வருகிறது.

மழை பெய்யறதும் பொய்க்கறதும் தாத்தா காலத்துலயும் உள்ளதுதானே? இப்ப மட்டும் என்ன புதுசு?

நியாயமான கேள்வி. 1952 புயலையும் 1977 புயலையும் நாகப்பட்டினம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். புயலும் வறட்சியும் நமக்குப் புதிதில்லை. இரண்டுக்கும் நடுவே கிடைத்த மூச்சுவிடும் நேரம் குறைந்துபோனதுதான் புதிது.

சமீபத்திய ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2015-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 53 சதவீதம் அதிகம். அடுத்த ஆண்டே 62 சதவீதம் குறைவு. சம்பா கருகியது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்து முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, இருபது முப்பது வருடத் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துப் போட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஒவ்வொரு புயலையும் எடுத்து “இது காலநிலை மாற்றத்தால் வந்தது” என்று சொல்ல முடியாது, அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு நட்டத்தின் கடனை அடைப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்பதை நகைக்கடன் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மேட்டூர் ஜூன் 12-ல திறந்துட்டா போதும். மத்ததை நாங்க பாத்துக்குவோம். சரிதானே?

பாதி சரி. மேட்டூர் நிரம்புவது நம் ஊர் மழையால் அல்ல. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்ய வேண்டும், அதற்கப்புறம் மேலே உள்ள அணைகள் நிரம்ப வேண்டும். அந்த மழை தடுமாறினால் நம் தேதியும் தடுமாறும். 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது. 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும், தண்ணீர் போதாமல் அக்டோபரில் மூடிவிட்டார்கள், பல இடங்களில் குறுவை கருகியது. 2024-இல் திறந்ததே ஜூலை 28-இல்தான். தேதியை மட்டும் நம்பி நாற்றங்கால் விட்ட காலம் போய்விட்டது.

இன்னொரு பாதியைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. தண்ணீர் வருவதற்குப் போராட்டம் நடத்துகிறோம், நடத்தத்தான் வேண்டும். ஆனால் கடைமடையில் சம்பா, தாளடியை அழித்த ஆண்டுகளை எண்ணினால், தண்ணீர் வராமல் போன ஆண்டுகளுக்குச் சமமாக வந்த தண்ணீர் போகாமல் நின்ற ஆண்டுகளும் இருக்கும். பாசன வாய்க்காலின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தன் வயலின் வடிகால் எந்த ஆற்றில் போய்ச் சேருகிறது என்று கேட்டால் இளையவர்களில் பலருக்குத் தெரியவில்லை. என் கவலையெல்லாம் இதுதான்.

எங்க வயல்ல தண்ணி வடியவே மாட்டேங்குது. முன்னெல்லாம் ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். ஏன்?

கடைமடை நிலம் கிட்டத்தட்ட தட்டையானது. தண்ணீர் தானாக ஓட சரிவு மிகக் குறைவு. கனமழை பெய்யும் நேரத்தில்தான் பெரும்பாலும் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். கடல் நீர் முகத்துவாரத்தில் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் வெளியே போக முடியாமல் பின்வாங்கும். ஆறு நிறைந்து நின்றால் வடிகால் அதில் இறங்காது, வடிகால் இறங்காவிட்டால் வயல் வடியாது. இதில் மழையின் வேகம் கூடியதும் கடல் மட்டம் ஏறியதும் சேர்ந்துகொண்டன.

ஆனால் எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடக் கூடாது. ஒரு டிசம்பரில், இடுப்பளவு தண்ணீரில் மூழ்கிய சம்பா வயலிலிருந்து நானும் அந்த ஊர்க்காரர் ஒருவரும் வடிகாலை ஒட்டியே நடந்தோம். முதல் அரை மைலில் ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி மூடிக் கிடந்தது. அதற்கப்புறம் ஒரு வீட்டுக்குப் போகும் பாதைக்காக வடிகாலின் குறுக்கே ஒற்றைச் சிமெண்ட் குழாய் போட்டு மண் அணைத்திருந்தார்கள். பத்தடி அகல வடிகாலின் தண்ணீர் முழுவதும் அந்த ஒன்றரை அடிக் குழாய் வழியே போக வேண்டும். குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு அடைத்திருந்தது. அவர் இறங்கி அதை இழுத்தபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் காலையில் வயலில் நான்கு விரல் தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்த்தார். அழுகல் வாடை வந்துவிட்டது. இரண்டு நாள் முன்னால் நடந்திருந்தால் பிழைத்திருக்கும்.

வடிகால் தூர்வார அரசாங்கம்தானே வரணும்? நாங்க என்ன பண்ண முடியும்?

ஆறும் பெரிய வடிகாலும் அரசின் வேலை, அதில் சந்தேகமில்லை. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் வெண்ணாறு உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால் ஆகியவற்றைச் சீரமைக்கும் திட்டம் காலநிலையை மனதில் வைத்தே வந்தது. அந்த மாதிரி வேலைகள் எங்கே பாதியில் நிற்கின்றன என்று கிராம சபையில் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். தூர்வாரும் பணி மேட்டூர் திறப்பதற்கு முன் பாசன வாய்க்கால்களில் நடக்கிறது. வடிகால்களுக்குப் புரட்டாசிக்குள் இன்னொரு சுற்று வேண்டும் என்பதே நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.

வயலிலிருந்து பெரிய வடிகால் வரைக்கும் உள்ள சின்ன வாய்க்கால் நம்முடையது. பத்து நில உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு நாள் ஜேசிபி வாடகைக்கு எடுத்தால் முடிகிற வேலை. நடுவில் இருக்கும் ஒருவர் சம்மதிக்காவிட்டால் வேலை நின்றுவிடும். அதுதான் உண்மையான சிக்கல். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது அது.

கடல் மட்டம் ஏறுதுங்கறாங்க. எங்க ஊரு கடல்லேருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி. எங்களுக்கு என்ன வந்துச்சு?

1901-இலிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியிருக்கிறது. அந்தக் காலத்தின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேகம் கூடி, ஆண்டுக்குச் சுமார் 3.7 மி.மீ. ஆனது. கடல் ஊருக்குள் அலையாக வர வேண்டியதில்லை. முதல் விளைவை வடிகால் கேள்வியிலேயே பார்த்தோம். இரண்டாவது, உப்பு. ஆற்றில் நன்னீர் ஓட்டம் குறையும் கோடையில் கடல் நீர் ஆற்றுவழியே மேலேறி வரும். மணல் அள்ளி ஆற்றுப்படுகையைப் பள்ளமாக்கிய இடங்களில் இன்னும் தூரம் வரும். போர்வெல்லில் இனிப்புத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் அடியில் உப்புநீர் அந்த இடத்தைப் பிடிக்கும். பத்து கிலோமீட்டர் என்பது பாதுகாப்பான தூரம் என்று நினைக்காதீர்கள்.

நிலம் வெள்ளை பூக்குது. ஜிப்சம் போட்டா சரியாயிடுமா?

மண்ணைப் பரிசோதிக்காமல் போட்டுவிடாதீர்கள். உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும், நெல்லின் இலை நுனி கருகும். நல்ல தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடித்து வெளியேற்றுவதே அதற்கு வைத்தியம். ஜிப்சம் அங்கே காசுக்குக் கேடு. களர் நிலத்தில் சோடியம் மண் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் கூழாகவும் காய்ந்தால் கல்லாகவும் இருக்கும், தண்ணீர் கீழே இறங்காது. அதற்குத்தான் ஜிப்சம். ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்து சோடியத்தைத் தள்ளிவிடும், தள்ளிய சோடியத்தை மீண்டும் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். இரண்டிலும் கடைசி வேலை வடிப்பதுதான் என்பதைக் கவனியுங்கள். வடிகால் இல்லாத வயலில் எத்தனை மூட்டை போட்டாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும்.

இரண்டு வகை நிலத்துக்கும் பொதுவாக உதவுவது தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடி. உப்பைத் தாங்கி வளரும். 40, 45 நாளில் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். நடவில் கொஞ்சம் முதிர்ந்த நாற்றை எடுத்து, ஒரு குத்துக்குக் கூடுதலாக வைத்து நட்டால் உப்பில் சாவு குறையும்.

வெள்ளத்தையும் தாங்கணும், வறட்சியையும் தாங்கணும், உப்பையும் தாங்கணும். எந்த ரகம் போடலாம்?

எல்லாவற்றையும் தாங்கும் ரகம் கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள். எந்த ஆபத்து உங்கள் வயலுக்கு அடிக்கடி வருகிறதோ அதற்கான ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். உவர், களர் நிலத்துக்குத் திருச்சி 1, திருச்சி 3 மாதிரி ரகங்கள் இருக்கின்றன. மூழ்கும் நிலத்துக்கு சிஆர் 1009 சப் 1. நீங்கள் அறிந்த பழைய சிஆர் 1009-இல், ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து கிடைத்த ‘சப் 1’ மரபணுவைச் சேர்த்து உருவாக்கியது. சாதாரணப் பயிர் மூழ்கினால் மூச்சுக்காக மேலே நீண்டு நீண்டு சக்தியைச் செலவழித்துச் சாகும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இரண்டு வாரம் வரை காத்திருந்து, தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும்.

ஆனால் இந்தக் குணம் பயிர் இளசாக இருக்கும்போதுதான் கைகொடுக்கும். கதிர் முற்றிய பிறகு சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் எந்த ரகமும் முளைத்துவிடும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடை நேரத்து மழையில் நாம் பார்த்தது அதைத்தான்.

பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பிட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்கு நெல் ஜெயராமனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பரில் மறையும் வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களைத் தேடிச் சேர்த்து, விதைத் திருவிழா நடத்தி விவசாயிகளிடம் பரப்பியவர். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான் எல்லாம் இன்று வயலில் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். உயரமாக வளரும் ரகங்கள் தேங்கிய தண்ணீருக்கு மேல் தலைநீட்டும். வறட்சியையும் உப்பையும் தாங்கும் குணம் சிலவற்றில் உண்டு. சப் 1-கூட ஒரு நாட்டு நெல்லின் கொடைதான்.

அதே உயரம் காற்றில் சாயவும் வைக்கும். விளைச்சல் குறைவு, வயது அதிகம், நல்ல விலை தருகிற ஆளைத் தேடி விற்க வேண்டும். என் யோசனை: நிலத்தில் ஒரு பங்கில் போட்டுப் பாருங்கள். முழு நிலத்தையும் ஒரே ரகத்தில், அது நாட்டு நெல்லோ புது ரகமோ, ஒரே தேதியில் வைக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

வெயில் கூடினா நெல்லு சீக்கிரம் விளையும். நல்லதுதானே?

சீக்கிரம் விளைந்தால் மணி பிடிக்க நேரம் குறையும். நெற்பூ காலை ஒன்பது, பத்து மணியிலிருந்து உச்சி வரைக்கும்தான் விரியும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகிப் பதர் கூடும். கோடை நெல்லில் இந்த ஆபத்து அதிகம். இரவுச் சூடும் சேர்ந்தது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள்: கோடைப் பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது. ராத்திரியில் நமக்குப் புழுங்குகிற மாதிரிதான் பயிருக்கும். பகலில் சேர்த்ததை இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும்.

நெல் வயல்லேருந்து மீத்தேன் வருதுன்னு நம்ம மேலயே பழியைப் போடறாங்களே?

நம் பகுதியில் மீத்தேன் என்றாலே மன்னார்குடித் திட்டத்தை எதிர்த்த போராட்டம்தான் நினைவுக்கு வரும். அது நிலத்துக்கு அடியில், நிலக்கரிப் படிவத்தில் உள்ள வாயு. இது வேறு. தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணில் காற்று போகாது. காற்றில்லாத மண்ணில் வைக்கோலும் வேரும் மக்கும்போது நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை வெளிவிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் சூடு பிடிக்கும். அறிவியல் உண்மை இது, மறுக்க வேண்டாம். சோற்றுக்காக விளைவிப்பதையும் காரில் சுற்றுவதையும் ஒரே தராசில் வைப்பதைத்தான் மறுக்க வேண்டும்.

இதற்கு வழி நம் பேச்சிலேயே உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு அடி நீளக் குழாயில் துளைகள் போட்டு, பாதியை மண்ணுக்குள் இறக்குங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போகும்வரை பாய்ச்ச வேண்டாம். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். மீத்தேன் கிட்டத்தட்ட பாதி குறையும், பம்புசெட் ஓடும் நேரமும் மிச்சமாகும்.

அதெல்லாம் போர்வெல்காரங்களுக்கு. முறை வச்சுத் தண்ணி விடுற கடைமடையில எப்படிங்க காயப்போடறது?

உண்மை. அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதபோது யாரும் வயலைக் காயவிட மாட்டார்கள். நானும் விடமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவிடவும் முடியாது. இது பம்புசெட்டில் குறுவை செய்பவர்களுக்கு ஏற்ற முறை. முறைத் தண்ணீரின் தேதி முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால்தான் இது கடைமடைக்கு ஒத்துவரும். ஆகவே இந்த முறையைப் பரப்ப நினைப்பவர்கள் விவசாயிக்குப் பயிற்சி தருவதற்கு முன், தண்ணீர் திறக்கும் தேதியை எழுதித் தர வேண்டும்.

நேரடி விதைப்பா, நடவா? எது நல்லது?

தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் புழுதியில் நேரடி விதைப்பு நாற்றங்கால் செலவையும் ஒரு மாதத்தையும் மிச்சப்படுத்தும். களை கூடும். விதைத்த சில நாட்களில் கனமழை பெய்து தண்ணீர் நின்றால் விதை அழுகும். தாழ்ந்த வயலில் வேண்டாம், மேட்டு வயலில் செய்யுங்கள்.

அலையாத்திக் காடு வளர்த்தா புயல் நின்னுடுமா?

காற்று நிற்காது, அலையின் வேகம் குறையும். 2004 சுனாமியில் பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. முத்துப்பேட்டைக் காடு கஜாவில் தானே பெரிய அடி வாங்கியது. அலையாத்தி மரங்களுக்கும் ஆற்றின் நன்னீர் வேண்டும், கடல் நீர் மட்டும் போதாது.

இன்சூரன்ஸ் கட்டினேன். என் வயல் முழுசாப் போச்சு. பணம் வரலை. ஏன்?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை அரசுகள் கட்டுகின்றன. ஆனால் கணக்கு பெரும்பாலும் உங்கள் வயலுக்கு அல்ல, வருவாய்க் கிராமத்துக்கு. ஊரில் சில வயல்களைக் குறித்து அறுவடை செய்து எடை போடுவார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்து ஓர் அளவு நிர்ணயித்திருப்பார்கள். கிராமத்தின் சராசரி அதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு. உங்கள் பள்ளத்து வயல் மூழ்கி, மேட்டு வயல்கள் தப்பித்தால் சராசரி தப்பித்துவிடும், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இது முறையின் குறை. சோதனை அறுவடை நடக்கும் நாளைக் கேட்டறிந்து ஊர்க்காரர்கள் அங்கே நிற்பது ஒன்றுதான் நம் கையில் உள்ளது.

குத்தகைக்குச் செய்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் சாகுபடி செய்பவர் பெயர் ஏறாவிட்டால் காப்பீடும் இல்லை, 33 சதவீதச் சேதத்துக்கு மேல் தரும் அரசு நிவாரணமும் நில உரிமையாளருக்கே போகும். பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள், வெள்ளம் வந்த பிறகு அல்ல.

புகை விட்டது அமெரிக்காக்காரன். கஷ்டப்படறது நாங்களா?

ஆமாம், இது அநீதிதான். ஒரு அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், ஓர் இந்தியர் சுமார் 2 டன்னுக்கு. தலைஞாயிறில் சைக்கிளில் வயலுக்குப் போகிறவரின் கணக்கு அதைவிடவும் கீழே. இழப்பீடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் வரும்வரை ஐப்பசி காத்திருக்காது.

என் பையன் விவசாயம் பண்றேங்கறான். விடலாமா?

இந்தக் கேள்வியை ஒரு தாய் என்னிடம் கேட்டார். கஜாவில் ஐம்பது தென்னை போனவர். பையன் பி.காம். முடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். நான் உடனே பதில் சொல்லவில்லை.

பிறகு சொன்னது இது: நெல் ஒன்றை மட்டும் நம்பி விடாதீர்கள். தையில் சம்பா அறுக்குமுன் உளுந்து தெளிக்கும் பழக்கத்தை விடாதீர்கள், மாடும் ஆடும் இருக்கட்டும், மேட்டில் கொஞ்சம் காய்கறி இருக்கட்டும். கடன் வாங்காத ஒரு வருமானம் வீட்டில் வேண்டும், அது கணக்கு எழுதும் வேலையாக இருந்தாலும் சரி. அப்படி இருந்தால் அவன் இரண்டு மோசமான ஆண்டுகளைத் தாங்கிவிடுவான். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “போன ஞாயித்துக்கிழமை வடிவாய்க்கால்ல இறங்கித் தாமரையை வாரிப்போட்டான் சார், தனியாவே” என்றார். அடுத்த ஞாயிறு நானும் போனேன். பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேர் மண்வெட்டியோடு ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள்.